இங்கிலீஷ் பேசினால் தூக்குச்சட்டி மடியில்

நீங்கள் எல்லாரும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கடல் தாண்டி இருப்பவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறீர்கள். நல்லது. நான் போடிநாயக்கனூரில் என் வீட்டு மாடியறையில் ஒரு பெஞ்சும் ஒரு கரும்பலகையும் வைத்து இதே தொழிலைச் செய்தவன். ஏலத்தோட்டத்து மேனேஜர்கள், குரங்கணிப் பக்கம் தவளை தேடி வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள், பொட்டிபுரத்து மலைக்குள் எதையோ தேடலாம் என்று வந்த படிப்பாளிகள், இப்படி இங்கிலீஷ் மட்டுமே தெரிந்த பலரும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்கள். இப்போது என் முழங்காலுக்கும் மாடிப்படிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதனால் ஓய்வு.

பேச வரச் சொன்னீர்கள், வந்துவிட்டேன். வேற்றுமை உருபை எப்படி நடத்துவது என்று கேட்க யாராவது வந்திருந்தால் இப்போதே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். அது புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு மாணவியைப் பற்றி.

மாலினி என்று பெயர். நாற்பத்தைந்து வயதிருக்கும். அப்பா அம்மா போடிக்காரர்கள், இவர் பிறந்து வளர்ந்தது இங்கிலாந்தில். வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளைக்கு இங்கிலீஷ் வராது என்று அங்கே யாரோ ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்லிவிட்டாராம். அந்தப் புண்ணியவானை நம்பி, அப்பாவும் அம்மாவும் தமிழைத் தங்களுக்குள் சண்டை போட மட்டும் வைத்துக்கொண்டார்கள். பெரியப்பாவின் ஏலத்தோட்டம் இவர் பெயருக்கு வந்தது. போடிமெட்டைத் தாண்டி, இடுக்கிப் பக்கம் இறங்கும் சரிவில் இருக்கிறது. நாமே நடத்துவோம் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பார்க்க நம் ஊர்ப் பெண் மாதிரியே இருப்பார். வாயைத் திறந்தால்தான் விமானம் இறங்கும்.

வந்த முதல் நாள் லாப்டாப்பைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டினார். இங்கிலீஷ்காரர் ஒருவர் இரண்டாவதாக எந்த மொழியைப் படிக்கலாம், எதற்கு எத்தனை மணி நேரம் ஆகும், எதை எத்தனை கோடிப் பேர் பேசுகிறார்கள் என்று இணையத்தில் யாரோ கூட்டிக் கழித்து வைத்திருந்தார்கள். ஸ்பானிஷ்தான் சுலபம் என்று அதில் போட்டிருந்தது. போடிமெட்டுக்கு அந்தப்புறம் ஏலச்செடித் தூரில் உட்கார்ந்து ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். அதில் இல்லை என்றார்.

ஊரில் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருந்தார்கள். தோட்டம் கேரளத்தில் இருக்கிறது, ஆபீசுக்குப் போனால் மலையாளம்தான் வேண்டும் என்றார் கணக்கு பார்க்கிறவர். இனிமேல் வடக்கத்திக்காரர்கள்தான் வேலைக்கு வருவார்கள், இந்தி படியுங்கள் என்றார் பக்கத்துத் தோட்டத்து முதலாளி. அவருக்கே இந்தியில் ‘அச்சா’வுக்கு மேல் வராது. சித்தப்பா ஒருவர், “இங்கிலீசு இருக்கையில வேற என்னாத்துக்கும்மா கழுத?” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

நான் ஒன்றுதான் கேட்டேன். “தினமும் உங்களை யார் திட்டுகிறார்கள்?”

யோசித்தார். காலையில் போடியிலிருந்து ஜீப்பில் காய் எடுக்க வரும் பெண்கள் என்றார். திட்டுகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தால் தெரிகிறது, என்ன சொல்லித் திட்டுகிறார்கள் என்றுதான் தெரியவில்லை என்றார்.

“அப்படியானால் தமிழ்தான்” என்றேன். உங்களிடமும் யாராவது எந்த மொழியைப் படிக்கட்டும் என்று கேட்டால் இதையே கேளுங்கள். கோடிக்கணக்கு பார்த்து மொழியைப் பிடிக்கிறவன் வகுப்பைப் பாதியில் விட்டுவிடுவான். திட்டுப் புரியாதவனுக்குத்தான் இரவில் தூக்கம் வராது, அவன் படிப்பான்.

ஏற்கெனவே செல்போனில் கொஞ்சம் படித்திருந்தார். “அந்தச் சிறுவன் ஆப்பிள் உண்கிறான்” என்று சுத்தமாகச் சொன்னார். போடியில் எந்தச் சிறுவன் ஆப்பிள் தின்றால் யாருக்கு என்ன? ஆனாலும் பாராட்டினேன். அதுவும் நம் தொழிலில் ஒரு பகுதி.

இடைஞ்சல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. மாலினி கடைவீதியில் தமிழில் ஆரம்பிப்பார், ஊர் இங்கிலீஷில் பதில் சொல்லும். “அண்ணே, ஒரு டீ” என்றால் டீக்கடைக்காரர், “மேடம், சுகர் வித், சுகர் வித்தவுட்?” என்பார். செல்போன் கடைப் பையன் இங்கிலீஷிலேயே குடும்பக் கதை முழுவதையும் சொன்னான். சொந்தக்காரர்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு, இலையில் கை வைப்பதற்குள் பிள்ளைகளைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார்கள். “அத்தைகிட்ட இங்கிலீசுல பேசுடா, வெக்கப்படாத.” ஆறு மாதத்தில் போடியின் இங்கிலீஷ் நன்றாகத் தேறிவிட்டது. மாலினியின் தமிழ் அந்த ஆப்பிளைத் தாண்டவில்லை.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அவர் பரீட்சை வைக்கவே மாட்டார். “ஒங்க மாணவன் தேறிட்டானான்னு தெரியணுமா? ஊர்க்காரன் அவன்கிட்டப் பொறுமைய இழக்குறானான்னு பாருங்க. வெளியாளுகிட்ட எவனும் பொறுமையாத்தான் இருப்பான். நம்மாளுன்னு ஆனாத்தான் எரிஞ்சு விழுவான்” என்பார். அதற்கு முதல் வேலை, இங்கிலீஷ் தெரிந்தவன் கண்ணில் மாணவனைக் காட்டாமல் வைப்பது.

அதனால் மாலினியை அந்தப் பெண்களின் ஜீப்பில் ஏற்றிவிட்டேன். அதைவிட நல்ல வகுப்பறையை நான் இன்றுவரை பார்த்ததில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் போன் எடுக்காது, நடுவில் இறங்கி ஓட முடியாது, பேச்சு மட்டும் நிற்கவே நிற்காது.

அந்த ஜீப்புக்கு ராணி செல்லத்தாயி. அம்பது தாண்டியவர், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, வாயில் எப்போதும் யாரையாவது அரைத்துக்கொண்டிருக்கும் ஒரு பேச்சு. மாலினியின் தமிழாசை அவருக்கு எட்டியதும் சட்டம் போட்டுவிட்டார். இங்கிலீஷில் ஒரு வார்த்தை பேசினால் ஜீப்பில் உள்ள அத்தனை பேருடைய தூக்குச்சட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு மலை ஏற வேண்டும். வளைவுக்கு வளைவு புளிக்குழம்பு மடியில் சிந்தும்.

முதல் வாரம் முழுக்க மாலினி மடியில்தான் தூக்குச்சட்டி. காரணம் ‘சாரி’. வளைவில் ஜீப்பு திரும்பும், இவர் பக்கத்தில் உள்ளவர் மேல் சாய்வார், வாய் தானாக ‘சாரி’ என்னும்.

“இடிச்சா இடிச்சதுதான், அதுக்கு வாயால வேற எதுக்குடி இடிக்கிற?” என்பார் செல்லத்தாயி. “கொண்டா அந்தத் தூக்குச்சட்டிய எல்லாம்.”

ஒரு நாள் மாலினி எதிர்வாதம் செய்தார். ஜீப்பு, பஸ்சு, லோடு எல்லாம் இங்கிலீஷ்தானே, நீங்கள் மட்டும் பேசலாமா? செல்லத்தாயிதான் தீர்ப்புச் சொன்னார். “நாம தெனம் ஏறி உக்கார்ற சாமான் நம்ம பாசைதான். சாரியில யாராச்சும் ஏறி உக்கார முடியுமா?” அப்பீல் தள்ளுபடியானது.

ஒரு வருசம் இப்படிப் போயிற்று. தமிழ் வந்தது பாருங்கள், அடேயப்பா! வெரசா வா, சோலியப் பாரு, ஏத்தா, அடி ஆத்தி, எல்லாம் வந்தது. நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கக் கூசும் சில வசவுகளும் ராகத்தோடு வந்தன. உடுப்பும் மாறிவிட்டது. சேலைக்கு மேல் சட்டை, மழைக்குப் பிளாஸ்டிக் தாள், கணுக்கால் வரை சேறு. நான் என் பங்குக்கு ஒரு கட்டளை போட்டிருந்தேன்: எந்த ஆபீசானாலும், எந்தக் கடையானாலும், வாயில் இங்கிலீஷ் வரக்கூடாது.

ஒரு நாள் மத்தியானம் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு குதூகலம். “சார்! பேங்குல என்னைய லைன்ல நிக்கச் சொல்லிட்டாங்க சார்!”

முன்பெல்லாம் அதே வங்கியில் அவருக்கு நாற்காலி வரும், மேனேஜர் அறையில் காப்பி வரும். அன்றைக்குத் தமிழில் கேட்டதும், “அந்தப் பக்கம் போய் நில்லும்மா. எழுதத் தெரியலேன்னா யாரையாச்சும் கூட்டிட்டு வா” என்று எரிந்து விழுந்தார்களாம். என் ஆசான் சொன்ன பரீட்சையில் என் மாணவி முதல் வகுப்பில் தேறிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அல்வா வாங்கிவந்து தெரு முழுக்கக் கொடுத்தேன். இதில் கவலைப்பட ஏதாவது இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்து வந்தது சாரல் மாசம். காய் எடுப்பு மும்முரமாக நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு செல்லத்தாயி செடித் தூரிலேயே சாய்ந்துவிட்டார். அந்தக் குளிரில் முகமெல்லாம் வேர்வை. “நெஞ்சுல அம்மியத் தூக்கி வச்சாப்புல இருக்குடி” என்றாராம். மாலினி ஜீப்பைக் கிளப்பச் சொல்லி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கினார். வழியில் போன் எடுத்த ஒரு வளைவிலிருந்து எனக்குச் சொன்னார். நான் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும்.

இரண்டு பெண்கள் உள்ளே நுழைந்தார்கள். இரண்டு பேர் மேலும் சேறு, இரண்டு பேரும் சேலைக்கு மேல் சட்டை. கவுண்டரில் இருந்த பெண் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள்.

“எந்த எஸ்டேட்டும்மா?”

“ஏத்தா, எஸ்டேட்டு கெடக்கட்டும். வேர்த்துக் கொட்டுது, இடது கை மரமரங்குது, தாடையெல்லாம் வலிக்குதுங்குது. டாக்டர வெரசாக் கூப்பிடு” என்றார் மாலினி.

“கேஸ் டிரபுளா இருக்கும். சாப்பிட்டாங்களா? டோக்கன் போட்டு அங்க உக்காருங்க. டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்காரு.”

மாலினி மறுபடி சொன்னார். அந்தப் பெண், “கத்தாதம்மா, இது ஆஸ்பத்திரி” என்றாள். மூன்றாம் தடவை சொன்னபோது மாலினி குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. அழுகையும் தமிழில்தான் வந்தது. காவலுக்கு நின்றவர் வந்து, “ஓரமா போம்மா” என்றார்.

உனக்கும் இங்கிலீஷ் தெரியுமே, நீ ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். பேசினேன் ஐயா. என்னுடையது வேட்டி கட்டிய இங்கிலீஷ். அந்தப் பெண் அதைக் கேட்டுவிட்டு, “ஒன் மினிட் தாத்தா” என்று சொல்லிப் போனைப் பார்க்கத் தொடங்கினாள். இங்கிலீஷும் செல்லவில்லை, இனி என்ன செய்வது என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெஞ்சில் சாய்ந்திருந்த செல்லத்தாயியின் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. பயந்துவிட்டேன். உள்ளபடியே பயந்துவிட்டேன்.

மாலினிக்கு ஏன் தோன்றவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். நெருக்கடியில் நாக்கு பழகின தடத்தில்தான் ஓடும். ஒரு வருசமாக அவரை அந்தத் தடத்தில் விரட்டியவர்கள் நானும் செல்லத்தாயியும்தான்.

அப்போது பெஞ்சிலிருந்து சத்தம் வந்தது. மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினார், ஆனால் ஜீப்பில் பேசுகிற அதே அதட்டல்.

“ஏ மாலினி! தமிழத் தூக்கி அங்கிட்டு வையி. அந்த இங்கிலீச எடுடி!”

மாலினி திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அவர என்னா பாக்குற? தூக்குச்சட்டிய எல்லாம் நான் வச்சுக்கிறேன். நீ பேசு!”

மாலினி கவுண்டர் பக்கம் திரும்பிப் பேசினார். புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. வேர்வை, இடது கை, தாடை, நெஞ்சில் பாரம், உடனே டாக்டர் வேண்டும். தமிழில் மூன்று தடவை சொன்ன அதே சேதி, அதே சேற்றுக்காலோடு, இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவருடைய இங்கிலீஷில்.

கவுண்டர் பெண் நாற்காலியை இடித்துக்கொண்டு எழுந்தாள். “சாரி மேடம்” என்றாள். அவள் மடியில் வைக்கத்தான் ஒரு தூக்குச்சட்டி இல்லாமல் போயிற்று. ஓரமாகப் போகச் சொன்னவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். ரவுண்ட்ஸில் இருந்த டாக்டர் பக்கத்து அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவ்வளவு நேரமும் அவர் ரவுண்ட்ஸ் போனது அந்த அறைக்குள்தான் போலிருக்கிறது. எனக்குக்கூட ஒரு நாற்காலி வந்தது. யாரோ என் தோளைத் தொட்டு, “உக்காருங்க சார்” என்றார்கள். தாத்தாவாக இருந்த நான் சாராகிவிட்டேன்.

இசிஜி எடுத்தார்கள். மாரடைப்புதான். ஊசி போட்டு, ஆம்புலன்ஸ் வைத்து மதுரைக்கு அனுப்பினார்கள். டாக்டர் மாலினியிடம் இங்கிலீஷில், நல்லவேளை, கொஞ்சமும் தாமதிக்காமல் கொண்டுவந்தீர்கள் என்றார்.

“நாங்க வந்து ரொம்ப நேரமாச்சு டாக்டரு” என்றார் மாலினி, தமிழில். டாக்டர் அதற்கும் இங்கிலீஷிலேயே தேங்க்யூ சொல்லிவிட்டுப் போனார்.

செல்லத்தாயி பிழைத்தார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், நானும் அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து தெரியாமல்தான் தவித்தேன், நீங்களும் கொஞ்சம் தவித்தால் என்ன.

மறுநாள் மாலினி என் மாடியறைக்கு வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. “அதே ஆளு, அதே சேதி சார், பாசைதான் வேற. நான் தமிழ் கத்துக்கிட்டதால அவ செத்திருப்பா” என்றார். எனக்கு அல்வா ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் அவர் வகுப்புக்கு வரவில்லை. சொல்லிக்கொடுக்க என்னிடமும் மிச்சம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஜீப்பு அவரை விடவில்லை. வங்கிக்கு, ஆபீசுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, எங்கே போனாலும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு தடவை, நான் தமிழிலேயே பேசிப் பார்க்கிறேனே என்றாராம். அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பில் டிரைவர் ஜீப்பை நிறுத்திவிட்டார்.

“தமிழு எங்ககிட்டயே நெறையாக் கெடக்குடி. நீ அந்த இங்கிலீச மட்டும் கொண்டா.”

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். மாணவர்கள் நன்றாகப் பேசட்டும், வரிசையில் நிற்கட்டும், ஊர் அவர்கள்மேல் எரிந்து விழட்டும். ஆனால் பழையதைத் தொலைத்துவிட்டு வரச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். நம் ஊரில் இங்கிலீஷுக்கு என்ன மரியாதை என்று ஊர்க்காரனான எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். பாடத்தில் சேர்க்கத்தான் தோன்றவில்லை.

செல்லத்தாயி தேறி, மறுபடி மலைக்குக் கிளம்பிய காலையில் நானும் ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் போயிருந்தேன். இனி சரிவில் இறங்க வேண்டாம், காய் உலர்த்தும் ஸ்டோரில் உட்கார்ந்து தரம் பிரித்தால் போதும் என்று மாலினி ஏற்பாடு செய்திருந்தார். ஏறி உட்கார்ந்ததும் செல்லத்தாயி எல்லார் தூக்குச்சட்டியையும் வாங்கித் தன் மடியில் அடுக்கத் தொடங்கினார். மாலினி பதறிப்போய்ப் பிடுங்க வந்தார். உடம்பு சரியில்லாதவர், வேண்டாம், பேசினது நான்தானே என்றார்.

“பேசுனது நீ, பேசச் சொன்னது நானு. சட்டம் சட்டந்தான். கைய எடு.”

கடைசித் தூக்குச்சட்டியையும் அடுக்கிக்கொண்டு, அதன் மேல் தாடையை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

“அய்யா, வெளிநாட்டுக்காரங்களுக்கெல்லாம் தமிழ் சொல்லிக் குடுக்குறீங்களே, அந்தக் கவுண்டர்ல இருந்த பிள்ளைக்கு எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?”

ஜீப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வண்டி கிளம்பிப் போய்விட்டது.

நான் ஓய்வு பெறும்வரை அந்தக் கவுண்டர் பெண் மாதிரி ஒரு மாணவி என் மாடிப்படி ஏறவில்லை. உங்களிடம் கடல் தாண்டியெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். உள்ளூரிலிருந்து யாராவது வந்தால், அந்தக் கவுண்டர் பெண்ணோ, அந்த டாக்டரோ, வங்கிக்காரரோ, யாராக இருந்தாலும் சரி, எனக்கு ஒரு போன் போடுங்கள். முழங்கால் கிடக்கட்டும், நான் படியேறி வந்து பாடம் எடுக்கிறேன்.